பாண்டியில் எடுத்த மிக்சர் காறிப்போனால் யார் பொறுப்பு?

கடலூரிலிருந்து ஒரு வாசகர் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 31. பார்த்த வேலை போன பிறகு மனைவியோடு சேர்ந்து நொறுக்குத்தீனி ஸ்டால் போடுகிறார். சாதாரண நாட்களில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைப் பக்கம், டோர்னமென்ட் நடந்தால் மைதானத்துக்குள். பத்து நாள் கிரிக்கெட் டோர்னமென்ட் ஒன்றில் ஸ்டால் எடுத்து, அதற்காகப் புதுச்சேரி மொத்த வியாபாரி ஒருவரிடம் 36,400 ரூபாய்க்குச் சரக்கு வாங்கினார். லூஸ் மிக்சர் 30 கிலோ, கார சேவு 20 கிலோ, எல்லாம் ஐந்து கிலோ மூட்டை. பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் 960. இவை போக முறுக்கு, கடலை மிட்டாய், பாப்கார்ன் சோளம். கடையில் ஒரு பிடி மிக்சர் கொடுத்தார்கள், மொறுமொறுவென்று நன்றாக இருந்தது. 20,000 ரூபாய் ஜிபேயில் போனது. மீதி 16,400 கடன். அதற்கு ஈடாகக் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பில் கிடையாது. பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிய துண்டுச் சீட்டுதான். சரக்கு அவர்கள் வண்டியிலேயே கடலூர் வீட்டுக்கு வந்து இறங்கியது.

மழையில் நான்கு நாள் ஆட்டம் நின்றது. ஒன்பதாம் நாள் மூன்றாவது மிக்சர் மூட்டையைப் பிரித்தால் காறல் வாடை. மிச்சம் மூன்று மூட்டையும் அப்படியே. சந்தேகப்பட்டு சிப்ஸைப் பார்த்தால், 420 பாக்கெட்டில் காலாவதித் தேதிக்கு மேல் ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் அடியில் இருந்த தேதி தாண்டிப் போயிருந்தது. அன்றைக்கே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். “விற்ற சரக்கு திரும்ப எடுக்க மாட்டோம். மழைக்கு நான் என்ன பண்ண முடியும்? பாக்கியை அனுப்பு, இல்லாட்டி செக்கைப் போட்டுடுவேன்” என்று பதில் வந்திருக்கிறது.

இவர் கேட்பது: நுகர்வோர் நீதிமன்றத்தில் ஒரு லட்சம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாமா? பாண்டியில் வாங்கியதால் அங்கேதான் போக வேண்டுமா? காசோலையை நிறுத்தச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுத்தால் போதுமா? அதுவரை மிச்சச் சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடலாமா? கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: 14,500 ரூபாய்க்குச் சென்னையில் வாங்கிய பாப்கார்ன் மெஷின் மூன்றாம் நாளே காயில் எரிந்துவிட்டது, “கடைக்காரருக்கு வாரண்டி கிடையாது” என்கிறார்கள், அதை விட்டுவிட்டேன் என்கிறார்.

பதில்

தம்பி, உங்கள் கடிதம் “பாண்டியிலிருந்து சரக்கு எடுத்து மாட்டிக்கொண்டேன்” என்று ஆரம்பிக்கிறது. கடலூர் வக்கீல் யாரும் இதைப் படித்தால் வேறு சரக்கைத்தான் நினைப்பார்கள். பாண்டி மது பிடிபடும் முள்ளோடை எல்லைச் செக்போஸ்ட் கதைகள் எங்களுக்கு அவ்வளவு பழக்கம். இரண்டாம் வரியில் மிக்சர் என்று வந்ததும் நிம்மதியாகப் படித்தேன்.

கேள்விகளை நீங்கள் அடுக்கிய வரிசையில் எடுக்கப் போவதில்லை. சனி, ஞாயிறு வந்தால் கடை போடுவீர்கள். அதனால் அந்தப் பாதி விலை யோசனையிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தச் சரக்கு கடைக்குப் போகக் கூடாது

நீங்கள் வாங்கி ஏமாந்தவர். அது வீட்டில் இருக்கும் வரைக்கும்தான். ஸ்டாலில் வைத்து ஒரு பாக்கெட் விற்றுவிட்டால் அதே சட்டம் உங்கள் பக்கம் திரும்பும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006, பிரிவு 27 தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, சில்லறை விற்பனையாளர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொறுப்பு வைக்கிறது. காலாவதியான பொருளை விற்ற சில்லறை வியாபாரியும் பொறுப்பு, பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கி வைத்தவரும் பொறுப்பு. உங்களுக்குத் தெரியாது என்று இனிமேல் சொல்ல முடியாது. தெரியும் என்பதற்குச் சாட்சி நீங்களே அனுப்பிய வாட்ஸ்அப் படங்கள். ஸ்டிக்கரைச் சுரண்டிய நகம் உங்களுடையது.

அதே பிரிவில் பலர் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று அடையாளம் காட்ட முடியாத உணவுப் பொருளை விற்பதற்கும் விற்பனையாளரே பொறுப்பு. பில் இல்லாமல் வாங்குவதால் வரும் உண்மையான ஆபத்து இதுதான். வரியை எல்லோரும் யோசிக்கிறார்கள், இதை யோசிப்பதில்லை. நாளைக்கு ஒரு குழந்தைக்கு வாந்தி எடுத்து அதிகாரி வந்து நின்றால், “பாண்டியில் ஒருத்தர்கிட்ட” என்று சொன்னால் எடுபடாது.

இதற்கு நேர் எதிராகப் பிரிவு 26(4) உங்களுக்கு ஒரு கவசம் கொடுக்கிறது. உணவுப் பொருளைக் கடைக்காரருக்கு விற்கிறவர் அதன் தரத்துக்கு எழுத்துப்பூர்வ உத்தரவாதம் தர வேண்டும். தனியாக உத்தரவாதப் பத்திரம் எழுதாவிட்டாலும், பில்லோ கேஷ் மெமோவோ இருந்தால் அதையே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அதாவது பில் கேட்கும்போது நீங்கள் கேட்பது மொத்த வியாபாரியின் ஜாமீன்.

உங்கள் துண்டுச் சீட்டு அப்படியொன்றும் வெற்றுக் காகிதம் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி இருக்கிறது, சரக்கின் பெயர், எடை, விலை இருக்கிறது, கீழே “வரவு 20,000 பாக்கி 16,400” என்று இருக்கிறது. கடையின் பெயர் இல்லை. ஆனால் ஜிபேயில் பணம் போன கணக்கு யார் பெயரில் இருக்கிறது? வாட்ஸ்அப்பில் “விற்ற சரக்கு” என்று பதில் எழுதியது யார்? மூன்றையும் சேர்த்து வைத்தால் ஆள் யார் என்பது தெளிவு.

மிக்சருக்கு இல்லை, மெஷினுக்கு உண்டு

இங்கே நீங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். மிக்சருக்கு நுகர்வோர் வழக்கு போடலாம், மெஷினை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(7), மறுவிற்பனைக்காக வாங்குகிறவரை நுகர்வோர் என்ற சொல்லிலிருந்தே விலக்கி வைக்கிறது. ஐந்து கிலோ மூட்டையை வாங்கிப் பத்து ரூபாய்ப் பொட்டலமாக விற்கிறீர்கள் என்றால் அது மறுவிற்பனைதான். “சின்ன வியாபாரி, வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறேன்” என்ற விளக்கம் மிக்சருக்குச் செல்லாது. நுகர்வோர் ஆணையத்தில் போட்டால் அந்த ஒரு காரணத்துக்காகவே மனு தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். ஒரு வருடம் போன பிறகு இது தெரிந்து என்ன பயன்?

பாப்கார்ன் மெஷின் கதை வேறு. அதை நீங்கள் யாருக்கும் விற்க வாங்கவில்லை. நீங்களே இயக்கி, சுயதொழிலாகப் பிழைப்பு நடத்த வாங்கினீர்கள். அப்படி வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கருதக் கூடாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. 1995லேயே உச்ச நீதிமன்றம் இதை உதாரணத்தோடு விளக்கிவிட்டது: தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர், ஆள் வைத்து ஓட்டுவதற்கென்றே வாங்குகிறவர் நுகர்வோர் இல்லை. உங்கள் மெஷினை உங்கள் மனைவியும் நீங்களும்தான் இயக்குகிறீர்கள். “கடைக்காரருக்கு வாரண்டி கிடையாது” என்பது அந்தக் கடைக்காரர் வாயால் சொன்னது. வாரண்டி அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று முதலில் படியுங்கள். பில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். சரிப்படாவிட்டால் மாவட்ட ஆணையம். சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பிடி மிக்சரும் 1930ஆம் ஆண்டுச் சட்டமும்

அப்படியென்றால் மிக்சருக்கு நாதியே இல்லையா? இருக்கிறது. நுகர்வோர் சட்டம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்த சரக்கு விற்பனைச் சட்டம், 1930. வியாபாரிக்கும் வியாபாரிக்கும் இடையே இதுதான் பேசும்.

கடையில் உங்கள் உள்ளங்கையில் ஒரு பிடி மிக்சரைக் கொட்டினாரே, அது உபசாரம் மட்டும் இல்லை, சட்டத்தின் கண்ணில் அது மாதிரி. பிரிவு 17 மாதிரி காட்டி விற்பதைப் பற்றியது: மொத்தச் சரக்கும் அந்த மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும், மாதிரியைப் பார்த்தால் தெரியாத குறை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பிரிவு 16 இன்னும் பொதுவானது. அந்தப் பொருளையே தொழிலாக விற்கிறவரிடம் பெயர் சொல்லி வாங்கினால், அது சந்தையில் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். தின்ன முடியாத தின்பண்டத்தை அந்தத் தரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். “ஒன்பது நாள் கடற்கரைக் காத்துல மழையில வச்சிருந்தே, கெட்டுப்போச்சு” என்பார். இங்கே நமத்துப்போவதையும் காறிப்போவதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நமத்துப்போவது ஈரத்தால். கடலோரக் காற்றில் மூட்டையை ஒரு ராத்திரி திறந்து வைத்தாலே மொறுமொறுப்பு போய்விடும். அது நடந்திருந்தால் தவறு உங்களுடையது. காறல் அப்படி வருவதில்லை. எண்ணெயில் உள்ள கொழுப்பு காற்றோடும் வெளிச்சத்தோடும் சூட்டோடும் சேர்ந்து மெல்ல மெல்லக் கெடுவதுதான் காறல். கட்டிய மூட்டைக்குள் ஒன்பதே நாளில் அது வருகிறது என்றால், சரக்கு ஏற்கெனவே பழையது, அல்லது பொரித்த எண்ணெய் பலமுறை காய்ந்தது. பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்வதால் உண்டாகும் கெட்ட பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதியே இருக்கிறது. உங்கள் வீட்டில் அதே பலகையில் அதே அறையில் இருந்த முதல் இரண்டு மூட்டை நன்றாக இருந்தது, கார சேவும் நன்றாக இருந்தது, இந்த நான்கு மட்டும் கெட்டது. இது உங்களுக்குச் சாதகமான விஷயம்.

என் சித்தப்பா திருப்பாதிரிப்புலியூரில் பெட்டிக்கடை வைத்திருந்தார். டின் வந்து இறங்கினால் எடை பார்க்க மாட்டார். மூடியைத் திறந்து முகத்தையே உள்ளே விடுவார். ஏழாவது டின்னில் முகம் சுளித்தால் ஏழாவது டின் வண்டியிலேயே திரும்பப் போகும். அவருக்குச் சட்டம் தெரியாது. ஆனால் பிரிவு 41, 42 சொல்வதைத்தான் செய்தார்: வாங்கியவருக்குச் சோதித்துப் பார்க்க நியாயமான அவகாசம் உண்டு, அந்த அவகாசத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தாலோ, அதை விற்க ஆரம்பித்துவிட்டாலோ, ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

உங்கள் பலவீனம் இங்கேதான். ஒன்பது நாள் மூட்டைகளைப் பிரிக்கவில்லை, பாதிச் சரக்கை விற்றும்விட்டீர்கள். அதனால் “மொத்தத்தையும் எடுத்துக்கொள், 20,000ஐத் திருப்பிக் கொடு” என்று கேட்கும் உரிமை பெரும்பாலும் போய்விட்டது. கெட்ட சரக்குக்கு உண்டான தொகையைக் கழித்துக்கொள்ளும் உரிமை போகவில்லை. பிரிவு 59 அதைத்தான் தருகிறது: குறைக்கு ஈடாக விலையைக் குறைத்துக் கொடுக்கலாம், தனியாக நஷ்ட ஈடும் கேட்கலாம்.

கணக்குப் போடுவோம். மிக்சர் 20 கிலோ, கிலோ 170 வீதம் 3,400 ரூபாய். சிப்ஸ் 420 பாக்கெட், 7.50 வீதம் 3,150. ஆக 6,550. பாக்கி 16,400லிருந்து அதைக் கழித்தால் 9,850. நீங்கள் கேட்ட ஒரு லட்சம் எங்கே, இந்த 6,550 எங்கே என்று கோபம் வரலாம். மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு என்று கேட்பது நுகர்வோர் ஆணையத்தில் பழகிய பேச்சு. வியாபாரக் கணக்கில் அது எடுபடுவது அரிது. மழையில் போன நான்கு நாள் வியாபாரத்தை அவர் தலையில் கட்டவும் முடியாது. அதில் அவர் சொன்னது சரி.

“விற்ற சரக்கு திரும்பப் பெற மாட்டோம்” என்ற வாசகம் பற்றி இரண்டு வரி. வியாபாரிகள் தங்களுக்குள் அப்படி ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வாங்கும்போது பேசாததைத் தகராறு வந்த பிறகு வாட்ஸ்அப்பில் அறிவித்தால் அது ஒப்பந்தம் ஆகாது. காலாவதித் தேதியை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியதற்கு எந்த ஒப்பந்தமும் காப்பு தராது.

காசோலை

கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். “செக்கில் தொகையே எழுதவில்லையே, அது செல்லாதுதானே?” என்று கேட்கிறீர்கள். செல்லும். கையெழுத்துப் போட்டு நீங்களே மனமுவந்து கொடுத்த வெற்றுக் காசோலையைப் பெற்றவர் நிரப்பினாலும், கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் அதற்கு உண்டு என்று 2019ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அனுமானத்தை உடைக்கும் சுமை உங்கள் தலையில்.

வங்கியில் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தால் பணம் போகாது. ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881, பிரிவு 138லிருந்து அது மட்டுமே காப்பாற்றாது. காசோலை திரும்பினால் வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், உங்களுக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாளில் நீங்கள் பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு அவருடைய வங்கிக் கிளை இருக்கும் ஊரில் நடக்கும். வாய்தாவுக்கு வாய்தா பாண்டிக்கு பஸ் ஏற வேண்டியவர் நீங்கள்.

அதனால் தகராறு இல்லாத தொகையை, 9,850 ரூபாயை, உடனே வங்கிக் கணக்கு மூலமாகவே கட்டிவிடுங்கள். ரொக்கம் வேண்டாம். “கெட்ட சரக்குக்குரிய 6,550 கழித்து முழுப் பாக்கி” என்று குறிப்போடு அனுப்பி, காசோலையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காசோலை கொடுத்த பிறகு ஒரு பகுதி கட்டப்பட்டிருந்தால், அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போடுகிறவருக்குப் பிரிவு 138 உதவாது என்று 2022ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கியே கட்ட மாட்டேன் என்று நிற்பதைவிட இது உங்களுக்குப் பல மடங்கு பாதுகாப்பு. கௌரவம் இடிக்கலாம், பரவாயில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

முதலில் சாட்சியம். நான்கு மூட்டையில் ஒன்றைத் திரும்பக் கட்டி, இனித் தொடாமல் அப்படியே வையுங்கள். ஸ்டிக்கர் சுரண்டாத சிப்ஸ் பாக்கெட் இருபது, சுரண்டியது பத்து தனியாக. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அந்த ஃபோனையும் விற்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழோடு அது நீதிமன்றத்தில் ஆவணமாக ஏறும்.

இரண்டாவது நோட்டீஸ். ஸ்பீட் போஸ்டில், அவர் கையில் சேர்ந்ததற்கான சான்றோடு. என்ன வாங்கினேன், எப்போது சொன்னேன், எவ்வளவு கழித்தேன், காசோலை எதற்காகக் கொடுத்தது, சரக்கை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு போதும். திட்ட வேண்டாம். சரக்கைத் தூக்கிக்கொண்டு நீங்கள் பாண்டிக்குப் போக வேண்டியதும் இல்லை, மறுத்ததைத் தெரிவித்தாலே போதும்.

மூன்றாவது, உணவுப் பாதுகாப்புத் துறை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி நீங்களே லேபுக்குப் போனால் அந்த அறிக்கைக்குச் சட்ட மதிப்பு கிடைப்பது கஷ்டம். வாங்கும்போதே “பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்” என்று விற்பவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 40. அதிகாரி மாதிரி எடுத்தால்தான் பலம். சரக்கு இருப்பது கடலூரில், கடை இருப்பது புதுச்சேரியில். இரண்டு பக்க அலுவலகத்துக்கும் ஒரே புகாரை அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும். உங்கள் ஸ்டாலுக்குப் பதிவு இருக்கிறதா? கடிதம் முழுக்கத் தேடினேன், அந்தப் பேச்சே இல்லை. சிறு வியாபாரிக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். 2011 விதிமுறைகள் முதலில் வைத்த எல்லை ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயாகவும் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாயாகவும் இருந்தது, இன்றைய கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோஸ்கோஸ் என்ற உணவு லைசென்ஸ், பதிவு இணையதளத்தில் முதலில் அதை முடியுங்கள், பிறகு புகார். புகார் கொடுக்கப் போன இடத்தில் நீங்கள் மாட்டக் கூடாது.

இதெல்லாம் பலிக்காவிட்டால் கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை. சமரசம் ஆனால் லோக் அதாலத் உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஸ்டால் மனைவி பெயரில் இருந்தால் அவருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, பெண்களுக்குச் சட்டம் அந்தச் சலுகையைத் தருகிறது. சிவில் வழக்கு என்றே போனாலும் பாண்டிக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சரக்கு கடலூரில் வந்து இறங்கியதால் வழக்கின் ஒரு பகுதி இங்கே எழுகிறது. 6,550 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன், உரிமை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பேரம் பேச உங்கள் கையில் இன்னொரு சீட்டு இருக்கிறது. துண்டுச் சீட்டில் மிக்சர், கார சேவு 8,500க்கு “ஜிஎஸ்டி 12%” என்று 1,020 ரூபாய் சேர்த்திருக்கிறார். மிக்சர் வகைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான், அதற்கு 425 ரூபாய் போதும். ஜிஎஸ்டி எண் இல்லாத, பில் இல்லாத சீட்டில் வரி வசூலித்ததற்கு வரித் துறையிடம் என்ன சொல்வார் என்று நோட்டீஸில் அடக்கமாக ஒரு வரி கேளுங்கள். மிரட்டலாக இருக்கக் கூடாது, கேள்வியாக இருக்கட்டும். எனக்குத் தெரிந்த வரையில் நிறையப் பேர் அந்த வரியைப் படித்த பிறகுதான் ஃபோன் எடுக்கிறார்கள்.

அடுத்த தடவை

பத்து நாளைக்குச் சேர்த்து வாங்காதீர்கள். பாண்டிக்கும் கடலூருக்கும் என்ன தூரம், ஒரு மணி நேரம்கூட ஆகாது. மூன்று நாள் சரக்கு எடுத்தால் கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூடப் போகும், மழைக்குப் பயப்பட வேண்டாம். மூட்டையை இறக்கும்போதே ஒவ்வொன்றிலும் ஓரத்தைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். பாக்கெட் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், பேட்ச் எண், தேதி மூன்றையும் ஒரு பெட்டிக்கு ஒன்றாவது பாருங்கள். தேதி மேல் விரலை ஓட்டினால் ஸ்டிக்கர் தட்டுப்படும். மீந்ததைத் திருப்பி எடுப்பாரா என்று வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டு, “சரி” என்று ஒரு வார்த்தை பதில் வாங்கிவிடுங்கள்.

லூஸ் மிக்சரை நீங்களே பாலிதீன் கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்து விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி அடைத்த நிமிடம் நீங்கள் பேக்கர், அதாவது பொருளைப் பொட்டலமாக அடைத்து விற்பவர். பெயர், முகவரி, எடை, தேதி, எம்ஆர்பி என்று லேபிள் கடமை உங்கள் மேல் வந்துவிடும். ஜாடியில் வைத்து, கேட்கும்போது அளந்து, வெள்ளைக் காகிதக் கூம்பில் கொடுங்கள். செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும் என்பதால் உணவு கட்ட அதற்குத் தடை. தண்ணீர் பாட்டிலுக்குக் கூலிங் சார்ஜ் என்று எம்ஆர்பிக்கு மேல் வாங்குவதும் குற்றம்தான், நீங்கள் செய்வதாகச் சொல்லவில்லை, மைதானத்தில் எல்லோரும் செய்வதால் சொல்கிறேன்.

அதே வியாபாரி பாக்கெட் போட்ட பஞ்சு மிட்டாய் மலிவாகத் தருவதாகச் சொன்னாராம். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் சில நாளில் தமிழ்நாடும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது ஞாபகம் இருக்கும். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததுதான் காரணம். தேதிக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் எந்த ரோஸ் கலரைப் போட்டிருப்பார் என்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

அந்தத் துண்டுச் சீட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, அசலை ஒரு கவரில் போட்டு வையுங்கள். லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பின்பக்கம் இருக்கும் நோட்டீஸில் ஏதோ கடைத் திறப்பு விழா விளம்பரம் பாதி தெரிகிறது. அது அந்த வியாபாரியின் கடையாகவே இருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி வேலை குறைந்தது. படம் அனுப்பும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.